வெள்ளிக்கிழமைச் சூடு

மூன்றாவது வளைவு போயிற்று, ஐந்தாவதும் போயிற்று, மயிலாத்தாள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. பேசவும் இல்லை, வாந்தி எடுக்கவும் இல்லை. அதுவே பெரிய சமாச்சாரம் என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார். கண் ஸ்கிரீனில், கை ஸ்டியரிங்கில், காது மட்டும் இடப்பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில். நாற்காலியை இடப்பக்கம் இழுத்துப் போட்டது அவர்தான். டிரைவருக்கு வலப்பக்கம் எந்த ஊரில் ஆள் உட்கார்ந்து வருகிறார்கள்? மத்தியானச் சாப்பாடு முடிந்து, மே மாசத்து வெயில் மேற்குச் சுவரைப் போட்டு வாட்டிக்கொண்டிருந்த நேரம். பொள்ளாச்சியில், மகள் யமுனா வெளியூர் வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன அறையில், அவள் விட்டுவிட்டுப் போன பெரிய கம்ப்யூட்டரில், ஒரு பஸ் வால்பாறை மலை ஏறிக்கொண்டிருந்தது. எந்தப் புண்ணியவானோ ஆழியாறு செக்போஸ்டிலிருந்து வால்பாறை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நாற்பது கொண்டை ஊசி வளைவையும் அச்சு மாறாமல் கேமுக்குள் செய்து வைத்திருக்கிறான். கைப்பிடிச் சுவரின் கறுப்பு வெள்ளைப் பட்டைகூட அப்படியே இருக்கிறது. நல்லா இருக்கட்டும் அந்தப் பையன். மயிலாத்தாளின் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, கையில் எலுமிச்சம்பழம். பழத்தை நகத்தால் கீறி மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டுதான் வந்து உட்கார்ந்தாள். "டிக்கெட் எவ்வளவுங்க?" என்று வேறு கேட்டாள். "டிரைவர் சம்சாரத்துக்கு டிக்கெட்டாக்கும்? உக்காரு புள்ள" என்றார். சொல்லும்போது குரல் லேசாகப் பிசிறியது. அறுபது தாண்டின பிறகு என்ன கூச்சம் வேண்டிக்கிடக்கிறது, கருமம்.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். முப்பது வருசத்துக்கு மேல் வால்பாறை வண்டி ஓட்டினவரின் பெண்டாட்டி வால்பாறையைப் பார்த்ததில்லை. கல்யாணமான புதுசில் ஒருதரம் கூட்டிப்போனார். மூன்றாவது வளைவுக்குள் குடலே வெளியே வந்துவிடும்போல எடுத்துவிட்டாள். எதிரே இறங்கி வந்த வண்டியை நிறுத்தி, அதில் ஏற்றித் திருப்பி அனுப்ப வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது, "உங்களோட எத்தனை வருசம் வேணும்னாலும் குடும்பம் நடத்தறேனுங்க, உங்க வண்டி மட்டும் எனக்கு வேண்டாம்" என்றாள். சொன்னால் சொன்னதுதான், மயிலாத்தாள் வாக்கு மாறினதாகச் சரித்திரமே இல்லை. அதனால் அவர் யார் என்பது அவளுக்குத் தெரியாமலே போயிற்று. அதுதான் அவருக்குத் தீராத குறை. மலை மேலே கேட்டுப் பார்க்கட்டும், சென்னியப்பன் என்றால் யார் என்று. ஒரு வண்டியை விட்டுவிட்டு அவர் வண்டிக்காகக் காத்திருந்து ஏறுவார்கள். நிறைமாசப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு இறக்குவதென்றால், சென்னியப்பன் எந்த டிரிப்பு என்று விசாரித்துத்தான் ஏற்றுவார்கள். எஸ்டேட் பொம்பளைகள் ஏறி உட்கார்ந்ததும் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போவார்கள்; நாற்பது வளைவிலும் ஒரு தலை ஜன்னல் கம்பியில் இடிக்காது. பாசஞ்சர் தூங்கினால் டிரைவர் ஜெயித்தான் என்று அர்த்தம், அதைவிட வேறென்ன மெடல் வேண்டிக்கிடக்கிறது? ஆனால் வீட்டுக்கு வந்தால் அவர் துண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாத ஆள். கேஸ் சிலிண்டர் மாட்டத் தெரியாத ஆள். காக்கிச் சட்டையில் டீசல் வாசத்தோடு வந்து கட்டிலில் விழுந்து குறட்டை விடுகிற ஆள். முப்பது வருசமும் மயிலாத்தாள் குடித்தனம் நடத்தியது அந்த ஆளோடுதான்.

போன வாரம் மாரியம்மன் கோயிலில் மலை மேலே ரொட்டிக்கடை என்கிற ஊரின் எஸ்டேட்டுக்காரி ஒருத்தி இவளைப் பிடித்துக்கொண்டாளாம். "நீங்க சென்னியப்பன் டிரைவர் ஊட்டுக்காரங்களா? அய்யோ, அவுரு வண்டீன்னா தொட்டில்ல போட்டாப்பல இருக்குமுங்க, நாங்க ஒறங்கீட்டேதான் வருவோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் ரசத்தைத் தாளித்துக்கொண்டே, "அந்தக் கேமுல நீங்க மலை ஏத்தறதை நானும் ஒருக்கா உக்காந்து பாக்கறேனுங்க. இத்தனை வருசமா என்னத்தைப் பாக்காம உட்டேன்னு தெரிஞ்சுக்கலாமுல்ல" என்றாள். எப்போது என்று கேட்டதற்கு வெள்ளிக்கிழமை என்றாள், நல்ல நாள் என்று. இன்றைக்குக் காலையில் தலைக்குக் குளித்து, கம்ப்யூட்டருக்கு வழக்கம்போலப் பூவைப் போட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, சமையலை முடித்து, வெளியூர்ப் பயணம் போகிறவள் மாதிரி புடவைகூட மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கத்தரிப்பூ நிறப் புடவை. ஸ்கிரீனில் ஓடுகிற பஸ்ஸுக்கு யாராவது புடவை மாற்றுவார்களா? மயிலாத்தாள் மாற்றுவாள். அந்தப் புடவையைப் பார்த்ததிலிருந்துதான் சென்னியப்பனுக்கு உள்ளங்கை வேர்க்கிறது, நிஜ மலையில் ஒருநாளும் வேர்க்காத உள்ளங்கை.

எண்பது. ஸ்கிரீனின் மேல் மூலையில் பச்சையாக இருந்த எண் மஞ்சளாக மாறியது. கிராபிக்ஸ் கார்டின் சூட்டைக் காட்டுகிற எண் அது. யமுனாதான் வைத்துக் கொடுத்திருந்தாள். "இதுதாம்ப்பா படம் வரையற இஞ்சின். பச்சையில இருந்தா பேசாம ஓட்டு. மஞ்சள்னா பாத்துக்கோ. செவப்பாயிருச்சுன்னா நிறுத்திரு, தொண்ணூறைத் தொட்டா அதுவே பொட்டுனு அணைஞ்சுக்கும்" என்று சொல்லியிருந்தாள். இஞ்சின் என்று ஒரே வார்த்தையில் சொன்னாளே, டிரைவர் மகள். எண்பது ஒன்றும் குற்றமில்லை, மே மாசம், மலை ஏற்றம், எந்த இஞ்சினும் கொஞ்சம் முனகத்தான் செய்யும். ஆனால் போன வெள்ளிக்கிழமை இதே வெயிலில், பத்தாவது வளைவுக்கு மேலே எங்கேயோ, ஸ்கிரீன் கன்னங்கரேல் என்று போய்விட்டது. பஸ்ஸும் இல்லை, மலையும் இல்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் மட்டும் இருட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. இன்றைக்கு அப்படி ஆனால்? இவள் எழுந்து, பையை மடித்து, "செரி, அவ்வளவுதானாட்ட இருக்குது" என்று அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டாள். ஆனால் மறுபடி வந்து உட்காரவும் மாட்டாள், அது கல்லில் எழுதினது. சர்வீஸ் முழுக்க ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட வண்டியைக் கொதிக்கவிடாத மனுசன். மற்றவர்கள் வண்டி குரங்கு அருவிக்குப் பக்கத்தில் பானெட்டைத் திறந்து புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டு நிற்கும், பாசஞ்சர்கள் ரோட்டோரம் இறங்கிக் குரங்குக்குக் கடலை போட்டுக்கொண்டிருப்பார்கள், இவர் ஹாரனைத் தட்டி ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பக்கத்தில் போய்க்கொண்டே இருப்பார். அந்தக் கையைத் தூக்குகிற சுகம் இருக்கிறதே. அப்பேர்ப்பட்ட மனுசன் கட்டின பெண்டாட்டி கண்ணெதிரில் கொதிக்கவிட்டு நிற்பதாவது.

ஒன்பதாவது வளைவு. வேகத்தைக் குறைத்து, அகலமாக வாங்கி, வண்டியின் பின்பக்கம் சுவரை உரசாமல் ஒடித்தபோது, பள்ளத்தாக்கு முழுதும் இடப்பக்கம் திறந்துகொண்டது. கீழே ஆழியாறு அணை, வெயிலில் வெள்ளிமாதிரி தகதகவென்று. மயிலாத்தாள் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து இறக்கினாள். "ஏனுங்க, அது நம்ம டேமுங்களா?" என்றாள். "பின்னே?" "நாம மீன் வறுவல் தின்போமே, அந்த டேமா?" "அதே டேம்தான் புள்ள. கீழயிருந்துதான் நீ பாத்திருக்கற." அவள் கழுத்தை நீட்டி அணையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் பார்த்தாள். பிறகு, "இத்தனை அழகையும் வச்சுக்கிட்டா ஊட்டுக்கு வந்து மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டு உக்காந்திருந்தீங்க?" என்றாள். சென்னியப்பனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஓட்டும்போது டிரைவர் சிரிக்கக் கூடாது, அதுவும் வளைவில். மீசைக்குள்ளேயே அடக்கிக்கொண்டார். நெஞ்சு என்னமோ பனியனைக் கிழித்துவிடும்போல விம்மியது. இந்த ஒரு பேச்சுக்குத்தானே முப்பது வருசம். சுவர்மேல் ஒரு வரையாடு நின்று அசைபோட்டது. அதையும் காட்டினார். "அது மலைக்காரங்க ஆடுங்களா?" என்று கேட்டாள். "யாருதும் இல்லை, அதும்பாட்டுக்கு இருக்குது" என்றார். எண்பத்திரண்டு.

எண்பத்திரண்டு ஆனதும் வண்டியை ஓரம் கட்டினார். நிஜ மலையில் அதுதான் வழி. ஏற்றத்தில் முள் மேலே போனால் ஓரம் கட்டு, இஞ்சினைச் சும்மா ஓடவிடு, காற்று வாங்கட்டும், ஐந்து நிமிசத்தில் முள் தானாக இறங்கும். கூட வேலை பார்த்தவர்கள் அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொள்வார்கள், அவர் சுட்டுக்கொண்டதில்லை. ஆனால் இங்கே நின்றும் எண் இறங்கக் காணோம். நின்றது பஸ்தானே, படம் நிற்கவில்லையே. அணை மின்னிக்கொண்டேதான் இருக்கிறது, புல் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது, வரையாடு அசைபோட்டுக்கொண்டேதான் இருக்கிறது, அத்தனையையும் அந்தக் கார்டு மாங்குமாங்கென்று வரைந்துகொண்டேதான் இருக்கிறது. நின்றாலும் உழைக்கிற இஞ்சினை என்ன செய்வது? கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கத்துக் கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கலாம். போன மாசம் அப்படி வைத்ததில் பல்லி ஒன்று உள்ளே போய்விட்டது, அதை வெளியே எடுப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. "எனக்காக நிறுத்தாதீங்க. எனக்கு ஒண்ணும் பண்ணலை" என்றாள் மயிலாத்தாள். பழத்தை முந்தானையில் துடைத்தாள். ரோசக்காரி. அவளுக்காகத்தான் நிறுத்தினார் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, "சித்த நேரம் காத்து வாங்கட்டுமுன்னு" என்று முனகி, மறுபடியும் வண்டியை எடுத்தார்.

எண்பத்துநாலு. இன்னொரு வழியும் இருக்கிறது, யமுனா சொல்லிக் கொடுத்த வழி. செட்டிங்கில் போய் நிழலைக் குறைத்துவிடலாம், மூடுபனியை எடுத்துவிடலாம், தூரத்து மரங்களை எல்லாம் அட்டையாக்கிவிடலாம்; கார்டுக்குப் பாதி சுமை இறங்கிவிடும். தனியாக ஓட்டும்போது அவர் செய்வதுதான். ஆனால் இன்றைக்கா? மேலே போனால் கவர்க்கல் என்கிற இடத்தில் பனி வரும். ரோடு தெரியாது, முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் நெருப்புத் துண்டு மாதிரி மிதக்கும், தேயிலைக்காடெல்லாம் மறைந்து மறைந்து வரும். அந்தப் பனியில் வண்டியை விடுவதுதான் அவருடைய வித்தை. ஹெட்லைட்டைத் தாழ்த்தி, வெள்ளைக் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்து காதால் ஓட்டுவார். பனியை எடுத்துவிட்டால் அவர் அங்கே என்ன, எவன் வேண்டுமானாலும் ஓட்டுவான். சரி, நிழலை மட்டும் குறைக்கலாம், நிழலை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நேரான இடம் வந்ததும் ஒரு கையால் தட்டிக் குறைத்தார். கண் மூடித் திறக்கவில்லை, "என்னுங்க, வெயில் போயிருச்சா?" என்றாள். "ஏன்?" "மரத்துக்கடியில நெழலையே காணோமுங்க. மரமெல்லாம் மொட்டுமொட்டுன்னு நிக்குது." அடேயப்பா, பூக்கட்டுகிறவள் கண்ணு அது, ஒரு அரும்பு குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும். சென்னியப்பனுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி ஆயிற்று. முதல்முதலாக வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தண்ணீர் மோரை ஊற்றிய மாதிரி. பேசாமல் நிழலைப் பழையபடி வைத்தார். வைத்ததும் ரோடெல்லாம் கறுப்பும் வெளிச்சமுமாக விழுந்தது, அவள் புடவை மேல்கூட விழுந்ததுபோல இருந்தது. "இப்ப வந்திருச்சு" என்றாள், திருப்தியாக. கொதித்தால் கொதிக்கட்டும், என் வண்டியில ஏறினவளுக்குக் குறை வைக்க மாட்டேன் என்று நினைத்தார். எண் சிவப்பாகிவிட்டது.

எண்பத்தாறு. கேபினெட்டுக்குள்ளிருந்து ஃபேன் போடுகிற இரைச்சல் சீலிங் ஃபேன் சத்தத்தையே அமுக்கிவிட்டது. பயம் வந்தால் சென்னியப்பனுக்கு மூக்குதான் முதலில் வேலை செய்யும். கிளட்ச் கருகினால் ஒரு வாசம், பிரேக் சூடானால் ஒரு வாசம், தண்ணீர் கொதிக்க ஆரம்பிக்கும் முன்பே ஒரு இனிப்பு வாசம், எல்லாம் அத்துபடி. மூச்சை இழுத்துப் பார்த்தார். கருகல் இல்லை. வெறும் பூ வாசம்தான். வெதுவெதுப்பான மல்லிகையும் செவ்வந்தியும் மரிக்கொழுந்தும் கலந்து, கொஞ்சம் வெந்த மாதிரி. நல்ல வாசம், டிரைவர் சீட்டு வாசம். வெள்ளிக்கிழமை தவறாமல் மயிலாத்தாள் விடியும் முன்னே எழுந்து சரம் கட்டி, வாழையிலையில் மடித்துக் கையில் கொடுப்பாள். அவர் டிப்போவுக்குப் போனதும் முதல் வேலையாக முன்கண்ணாடிக்கு மேலே, சாமி படத்துக்குக் குறுக்காக அதைக் கட்டுவார். வெயில் ஏற ஏற அது இப்படித்தான் வாசம் விடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் காப்பி கொடுக்கும் முன்னே அவள் கேட்கிற முதல் கேள்வி, "பூவு எது வரைக்கும் வாடாம இருந்துச்சுங்க?" அட்டகட்டி வரைக்கும் என்பார் ஒருநாள். கவர்க்கல் வரைக்கும் என்பார் இன்னொரு நாள். பனி அதிகமாக இருந்த நாளில், "வால்பாறை போய்த் திரும்பியுமே வாடலை புள்ள" என்றால் அவள் முகம் அப்படியே மலர்ந்துபோகும். ரிட்டையர் ஆனபிறகும் அவள் கட்டுவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நாள் மொபெட்டுக்குப் போட்டாள். அவர் இந்தக் கேமில் பஸ் ஓட்ட ஆரம்பித்ததும் கம்ப்யூட்டருக்குப் போட்டாள். வண்டின்னா வண்டிதானுங்களே என்றாள். எண்பத்தேழு. வெள்ளிக்கிழமை. அங்கேதான் அவர் நினைப்பு முள்ளில் மாட்டின துணி மாதிரி நின்றது. போன தடவை அணைந்தது வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தி ஒருதரம் அணைந்ததே, அன்றைக்கும் வீட்டில் சாம்பிராணிப் புகை, அதுவும் வெள்ளிதான். செவ்வாய்க்கிழமை இதைவிட வெயில், வால்பாறை வரைக்கும் ஒரு முக்கல் முனகல் இல்லாமல் போய் நின்றதே. அது என்ன இந்தச் சனியனுக்கு வெள்ளிக்கிழமை பார்த்துக் கொதிப்பு? வளைவை ஒடித்துக்கொண்டே கண்ணை மட்டும் இடப்பக்கம் கீழே இறக்கினார்.

முக்காலி மேல் கேபினெட். அதன் முன்முகத்தில், உள்ளே காற்று போவதற்கென்றே இருக்கிற சல்லடை வாய் முழுக்க, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், மேலும் கீழும் நாலு வரிசையாக, நெருக்கமாக, இடைவெளியே இல்லாமல், மயிலாத்தாளின் பூ. காற்றை இழுக்கிற இழுப்பில் பூவெல்லாம் சல்லடையோடு ஒட்டி அப்பிக்கிடந்தது. அட மடையா. அட மடச் சென்னியப்பா. ஆயுத பூஜைக்கு டிப்போவில் வண்டி முன்னால் வாழைக்கன்றைக் கட்ட வந்த பையன்களை எல்லாம் நீ எப்படி விரட்டினாய்? ரேடியேட்டர் மூஞ்சியில ஒரு இலை இருக்கக் கூடாது, இஞ்சினுக்கு மூக்கு அதுதான்டா, உன்ற மூக்குல துணியை அடைச்சுட்டு மலையேறுடா பாக்கலாம் என்று மேனேஜர் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் கத்தினவன்தானே நீ? பூவைக் கண்ணாடிக்கு மேலே கட்டினாயே ஒழிய, கீழே கட்டினாயா ஒருநாளாவது? இங்கே மட்டும் கண்ணு எங்கே போயிற்று? வாசம் வந்தால் போதும், டிரைவர் சீட்டில் உட்கார்ந்த பெருமை வந்தால் போதும் என்று இருந்துவிட்டாய். எண்பத்தெட்டு. கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். ஒரு இழுப்பு இழுத்தால் போயிற்று. இடது கை ஸ்டியரிங்கை விட்டுக் கீழே போனது. போய், பூவைத் தொடாமல், அந்தரத்தில் நின்று, திரும்பி வந்துவிட்டது. எப்படி எடுப்பது? வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, கட்டினவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, முதல்முதலாக மலையேறி வந்திருக்க, அவள் பூவைப் பிய்த்து எறிவதா? மூன்றாவது வளைவில் அவளை இறக்கி அனுப்பினது போதாதென்று பூவையுமா? முப்பது வருசமும் அவளுக்குப் பதிலாக இந்த மலை ஏறினது இந்தப் பூதானே. எது வரைக்கும் வாடாம இருந்துச்சு என்று கேட்டது எதற்காகவாம்? தான் எது வரைக்கும் போனேன் என்றுதானே கேட்டிருக்கிறாள். இப்போதல்லவா விளங்குகிறது. அணைந்தால் அணையட்டும், நான் எடுக்க மாட்டேன் என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். அடுத்த கணமே, அணைந்தால் இவள் கவர்க்கல்லைப் பார்க்க மாட்டாளே என்று தோன்றி, கை மறுபடி கீழே போனது. மறுபடி திரும்பி வந்தது.

"அங்கென்ன தொழாவறீங்க?" என்றாள் மயிலாத்தாள். "ஒண்ணுமில்லை." "ஒண்ணுமில்லையா? அந்த மூலையில நம்பரு செவந்துபோய்க் கெடக்குது. உங்க மூஞ்சியும் அப்படித்தான் கெடக்குது." எண்பத்தொன்பது. முன்னால் இன்னொரு வளைவு, மேலே அட்டகட்டியின் மரங்கள். ஸ்கிரீன் ஒருதரம் திக்கித் திக்கி நகர்ந்தது, மூச்சு வாங்குகிறவன் படியேறுவதுபோல. இனி மறைத்துப் புண்ணியமில்லை. "மயிலா," என்றார், "இஞ்சினு கொதிக்குது. பூவு காத்தை அடைச்சுக்கிச்சு." சொல்லிவிட்டு வேகமாக, "உன்ற மேல தப்பில்லை, பாக்காதது நான்தான், வெள்ளிக்கிழமையாச்சே, உன்ற பூவாச்சேன்னு" என்று இழுத்தார். அதற்குள் அவள் நாற்காலியிலிருந்து குனிந்துவிட்டாள். இரண்டு பக்கத்து முடிச்சையும் அவிழ்த்தாள். சல்லடையில் ஒட்டியிருந்த இதழ்களைக்கூட விரலால் ஒவ்வொன்றாக வழித்து எடுத்தாள். சரத்தைச் சுருட்டி மடியில், வாந்திக்கென்று வைத்திருந்த பையின் மேல் போட்டுக்கொண்டாள். "இதைச் சொல்றதுக்கா இத்தனை வளைவு வந்தீங்க?" என்றாள். "நீ மனசு சங்கடப்படுவியேன்னு." "என்ன சங்கடம்? அன்னைக்கெல்லாம் நான் வர முடியலை, பூவை அனுப்பி உட்டேன். இன்னைக்கு நானே வந்து உக்காந்திருக்கறேன், இனிப் பூவு எதுக்குங்க?" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் சரியாகப் போர்த்திக்கொண்டு, "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

ரோட்டைப் பார்த்து ஓட்டினார். ரோடு கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது, அது கார்டு கோளாறு இல்லை. கேபினெட் ஒரு பெருமூச்சு விட்டாற்போல உள்ளே காற்று போகிற சத்தம் கேட்டது. எண்பத்தெட்டு, எண்பத்தைந்து, எண்பத்தொன்று, எழுபத்தெட்டு. மஞ்சள் போய்ப் பச்சை வந்தது. ஃபேன் இரைச்சல் அடங்கி, சீலிங் ஃபேன் கிரீச்சிடுவது மறுபடி கேட்டது. வாசம் மட்டும் போகவில்லை, இப்போது அது அவள் மடியிலிருந்து வந்தது. கொதிக்கவிடவில்லை. இதோ, இன்றைக்கும் கொதிக்கவிடவில்லை. சர்வீஸிலும் இல்லை, கட்டினவள் கண்ணெதிரிலும் இல்லை. ஆனால் இதைத் தான் சாதித்ததாகச் சொல்ல முடியுமா? பரவாயில்லை, வண்டியில் ஆள் இருந்தார்கள், பார்த்துக்கொண்டார்கள். வால்பாறை வண்டியில் எத்தனை கண்டக்டர் வந்து போனார்கள், ஒருத்தனாவது இவ்வளவு நறுக்கென்று காரியம் பார்த்தானா? அந்த நினைப்பில் அட்டகட்டியை எப்படித் தாண்டினார் என்றே தெரியவில்லை. கால் தானாக மிதித்தது, கை தானாக ஒடித்தது, கியர் பாலில் விழுந்த வெண்ணெய் மாதிரி விழுந்தது. வாட்டர்பால்ஸ் எஸ்டேட்டில் தேயிலை தொடங்கியது. பச்சை, பச்சை, எங்கே பார்த்தாலும் சீப்பால் வாரின பச்சை. நடுவில் நிற்கிற சில்வர் ஓக் மரங்களின் நிழல் ஒவ்வொன்றும் பிசகாமல் அதனதன் இடத்தில் விழுந்திருந்தது. இந்த நிழலை அவள் எண்ணிக்கொண்டு வருவாள் என்று நினைத்துக்கொண்டார். இனி வரப்போகிறது அவருடைய இடம். கவர்க்கல். முதலில் மரத்தின் உச்சிகள் மங்கின. பிறகு சுவர் மங்கியது. பிறகு பனி ஒரே மூச்சாக ரோட்டின் மேல் இறங்கி எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹெட்லைட்டைத் தாழ்த்தினார். வெள்ளைக் கோட்டைப் பிடித்தார். சின்னக் கூட்டத்துக்கு முன்னால் வித்தை காட்டப்போகிறவன் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்பப் பாரு மயிலா, இதுதான் கவர்க்கல்லு. இந்தப் பனியில வண்டி ஓட்டறவன் இந்த மலையிலயே விரல் விட்டு எண்ணற ஆளுகதான். நல்லாப் பாரு" என்றார்.

பதில் இல்லை. திகைப்பில் வாயடைத்துப்போயிருக்கிறாள் என்று நினைத்தார். "பாத்தியா?" என்றார் மறுபடியும். அதற்கும் பதில் இல்லை. இதுக்கும் மேல என்னதான் வேணுமாம் இவளுக்கு என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது. பனிக்குள் ஒரு நேரான துண்டு வந்ததும், தலையைத் திருப்பிப் பார்த்தார். மயிலாத்தாள் தூங்கிக்கொண்டிருந்தாள். தலை நாற்காலியின் முதுகில் பின்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, ஒரு கை மடியிலிருந்த பூவின் மேல். எலுமிச்சம்பழம் எப்போதோ உருண்டு கட்டிலடிக்குப் போய்விட்டிருந்தது. பிளாஸ்டிக் பை மடித்தது மடித்தபடி இருந்தது. ஒரு சொட்டு இல்லை. சென்னியப்பன் ஸ்கிரீனைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். மூன்றாவது வளைவைத் தாண்ட முடியாதவள். அவர் வண்டியில். தூங்குகிறாள். கொண்டா ஒரு மெடலை, இருக்கிற மெடலையெல்லாம் கொண்டா. ரொட்டிக்கடை எஸ்டேட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது, யமுனாவுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது, ஆனால் பேச்சுச் சத்தத்தில் அவள் விழித்துவிட்டால்? அடுத்த வளைவில் ஹாரன் அடிக்கப் போன கையை அப்படியே இழுத்துக்கொண்டார். ஸ்பீக்கரைக் குறைத்தார். கவர்க்கல் பனியை அவர் ஒருத்தர்தான் பார்த்தார், அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. வால்பாறை பஸ் ஸ்டாண்டில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது எண் அழகாகப் பச்சையில் இருந்தது. எழுப்பலாமா என்று ஒருதரம் நினைத்தார். மனசு வரவில்லை. டிரிப்பு இன்னும் முடியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவள் தலை அலுங்காமல், மெதுவாக, வண்டியைத் திருப்பி ஆழியாறு பக்கம் இறக்க ஆரம்பித்தார்.